சாட்சி சொல்ல வந்த கிணறு

2004 ஜனவரியில் பதினோரு நாட்கள் நான் ஒரு பொய்யை எழுதினேன். ஒவ்வொரு ராத்திரி ஷிஃப்டிலும் ஒரு தடவை. ஒரே சொல்தான்: நார்மல்.

அப்போது வளைகுடா நாடு ஒன்றில், பாலைவனத்துக்கு நடுவே இருந்த எரிவாயு நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து குழாய் வழியாக வரும் வாயுவைச் சேர்த்து, அதிலுள்ள தண்ணீரைப் பிரித்து, அழுத்தம் ஏற்றி அனுப்புகிற இடம். அனுப்ப முடியாமல் மிஞ்சுவதை உயரமான ஒரு குழாயின் உச்சிக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அதற்கு ஃப்ளேர் என்று பெயர். வளைகுடாவுக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ராத்திரி விமானம் இறங்கும்போது கீழே இருட்டில் தீப்பந்தம் பிடித்தாற்போலத் தெரிவது அதுதான். அந்த உச்சியில் எந்நேரமும் ஒரு சின்னச் சுடர் எரிந்துகொண்டிருக்க வேண்டும். பைலட் என்போம். கோயிலில் அணையாவிளக்கு வைத்திருப்பது போல. அது அணைந்துவிட்டால், வருகிற வாயு எரியாமல் அப்படியே வானத்துக்குப் போகும்.

அது அணைந்துவிட்டது. பற்றவைக்கும் பேனலில் கார்டு ஒன்று போய்விட்டது. மாற்றுக் கார்டு கடல் தாண்டி வர வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினால் உற்பத்தியைக் குறைக்க வேண்டிவரும், மேலிடத்திலிருந்து கேள்வி வரும். என் மேலதிகாரி கெட்டவர் இல்லை. சாமான் வரும்வரைக்கும் அந்தக் கட்டத்தில் நார்மல் என்றே போட்டுக்கொள் என்றார். போட்டேன்.

பைலட்டுக்குப் பக்கத்தில் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள் உண்டு. சுடர் எரிந்தால் பல நூறு டிகிரி காட்டும். அந்த ராத்திரிகளில் அது காட்டியது 11, 12. ஜனவரி மாதத்துப் பாலைவனக் குளிர் எவ்வளவோ அவ்வளவு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் பேனாவை எடுப்பேன். வெளியே வந்து நின்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். எரிகிற ஃப்ளேருக்கு ஓர் உறுமல் இருக்கும், அது இல்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸைத் திறந்துவிட்டதுபோல உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும். எங்கள் வாயுவில் கந்தகக் கலப்பு கிடையாது. இருந்திருந்தால் எங்களையே கொன்றிருக்கும், ஒரு மணி நேரம்கூட அப்படி விட்டிருக்க மாட்டார்கள். வாடையும் இல்லை. வீட்டு கேஸில் நாம் முகர்கிற அந்த நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று பிற்பாடு சேர்ப்பது. மீத்தேனுக்கு என்று நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆனால் நான் பார்த்தேன். நாலாவது ராத்திரியோ ஐந்தாவதோ, விடியற்காலம் மூன்று மணி இருக்கும். ஃப்ளேர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தபோது, வானம் முழுக்க நட்சத்திரங்கள் ஆணி அடித்தாற்போல நின்றன. கம்பத்தின் உச்சிக்கு மேலே இருந்த நாலைந்து மட்டும் குளத்துத் தண்ணீருக்கு அடியில் கிடப்பவைபோல நெளிந்தன. அங்கே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு கன்ட்ரோல் ரூமுக்குப் போய் நார்மல் என்று எழுதினேன்.

எரிகிற ஃப்ளேர் கண்ணை உறுத்தும். கரும்புகை விட்டால் எவனும் கேட்பான். எரியாத ஃப்ளேர் பார்க்கச் சுத்தமாக இருக்கும். உண்மை நேர் எதிர். எரிந்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடாக மாறும். எரியாமல் போனால், 20 வருடக் கணக்கில் எடைக்கு எடை பார்க்கையில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். எங்கள் மீட்டரில் நான் பார்த்தது மணிக்கு ஏறத்தாழ 2 டன். பதினோரு நாளுக்கு 500 டன்னுக்குமேல் வரும்.

எங்களோடு கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். ஆபரேட்டர். என்னைவிட பத்து வயது மூத்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர். ஒரு ராத்திரி டீ குடிக்கும்போது அவரே பேச்சை எடுத்தார். “தம்பி, எங்க மார்க்கத்துல ஒவ்வொரு மனுசனுக்கும் ரெண்டு பக்கத்துலயும் ரெண்டு மலக்கு உண்டு. வலப்பக்கம் இருக்கறவர் நன்மையை எழுதுவார், இடப்பக்கம் இருக்கறவர் தீமையை. இடப்பக்கத்தவர் உடனே எழுதிட மாட்டாருன்னு எங்க வாப்பா சொல்லுவாக. இவன் தவ்பா செய்வானான்னு கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாராம்.” மலக்கு என்றால் வானவர், தவ்பா என்றால் தவறுக்கு வருந்தித் திரும்புவது. அவ்வளவுதான் சொன்னார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரும் நானும் மறுநாளும் எழுதினோம். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகளின் கல்யாணக் கடன். எனக்குத் தங்கச்சி கல்யாணம், அதோடு விசா அந்தக் கம்பெனியின் கையில். பன்னிரண்டாம் நாள் கார்டு வந்தது, பைலட் எரிந்தது, நார்மல் என்ற சொல் மறுபடி உண்மையாயிற்று.

பாய் இப்போது இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும் அந்த மலக்கை நான் இருபது வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். நெதர்லாந்தில் வேலை. செயற்கைக்கோள் அனுப்பும் தகவலை வைத்து மீத்தேன் எங்கே கசிகிறது என்று தேடும் குழுவில் இருக்கிறாள். எங்கள் காவிரி டெல்டாவில் மீத்தேன் என்ற சொல்லை ஆடு மேய்ப்பவரும் அறிவார். மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சொல். அதனால் திண்ணையில் அவள் லேப்டாப்பைத் திறந்ததும் நாலு பேர் கூடிவிட்டார்கள். துர்க்மெனிஸ்தானின் மேற்குக் கரைப் பாலைவனத்தைக் காட்டினாள். பழுப்பு நிறத் தரை. நடுவில் ஒரு புள்ளியிலிருந்து காற்றடிக்கும் திசையில் நீண்டு போகும் ஒரு வால், சிவப்பும் மஞ்சளுமாக. நிறம் அவர்கள் கொடுத்தது. “மாமா, இது என்னன்னு சொல்லுங்க” என்றாள். நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்: “அணைஞ்சுபோன ஃப்ளேர். இந்தப் பக்கத்துல நாங்க பார்க்கிறதுல பெரும்பாலும் இதுதான்.”

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்தப் பிரதேசத்தில் கோர்பெஜே என்றோர் எரிவாயு வயல். 2019 தொடக்கத்தில் ஒரு கனடா நாட்டுச் செயற்கைக்கோள் அங்கே ஓர் எரிமலையைத் தேடிப் போயிற்று. நெருப்பு கக்குவது இல்லை, இயற்கையாகவே சேற்றையும் வாயுவையும் கக்குகிற சேற்று எரிமலை. அதைத் தேடிய கண்ணில் பக்கத்து கம்ப்ரசர் நிலையத்துக் கசிவு பட்டது. பழைய தகவல்களைப் புரட்டியபோது அது ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. தூதரகங்கள் வழியாகச் செய்தி போய், அடைத்தார்கள். அந்தச் செயற்கைக்கோளின் பெயர் கிளேர். 2016 ஜூன் 22 அன்று நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி34 ராக்கெட்டில் போனது. ஒரே ராக்கெட்டில் 20 செயற்கைக்கோள்கள். அதிலேயே சென்னை சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்கள் செய்த 1.5 கிலோ எடையுள்ள சின்னது ஒன்றும் போயிற்று. அதன் வேலையும் பசுங்குடில் வாயுக்களை அளப்பதுதான். அன்றைக்கு டிவியில் அதைப் பார்த்துக் கைதட்டினவர்களில் நானும் ஒருவன். என்னைப் போன்றவர்களைப் பார்க்கத்தான் போகிறது என்று அப்போது தெரியாது.

அது எப்படிப் பார்க்கிறது என்று அவளிடம் கேட்டேன். சூரிய வெளிச்சம் தரையில் பட்டு மேலே திரும்பும்போது அதைக் கருவி வாங்கி, அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பார்க்கும். மனிதக் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பில், 1.65 மைக்ரோமீட்டர், 2.3 மைக்ரோமீட்டர் என்ற இடங்களை ஒட்டி மீத்தேன் வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். வந்திருக்க வேண்டிய வெளிச்சம் எவ்வளவு குறைந்து வருகிறதோ, அதை வைத்து வழியில் எவ்வளவு மீத்தேன் இருந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். ஆக, மேலே இருக்கும் கண் மீத்தேனைப் பார்ப்பதில்லை. வராமற்போன வெளிச்சத்தைப் பார்க்கிறது.

வேலையை விட்டு வந்தபின் நான் ஆதீனத்துச் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனேன். மாதம் ஒரு நாள் வகுப்பு. சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போதே அருணந்தி சிவாசாரியார் அளவையைப் பேசுகிறார். ஒன்றை அறிகிறோம் என்றால் எந்த வழியில் அறிகிறோம்? பலர் பல கணக்குச் சொன்னாலும் எல்லாம் மூன்றில் அடங்கும்: காண்டல், கருதல், உரை. கண்டு அறிவது, கண்டதை வைத்துக் காணாததை ஊகித்து அறிவது, சொல்லக் கேட்டு அறிவது. கருதலுக்கு எல்லாரும் காட்டும் பழைய உதாரணம், மலையில் புகையைப் பார்த்து அங்கே நெருப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. வகுப்பில் அந்த உதாரணம் வந்த அன்றைக்கு எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கம்பத்தில் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. நெருப்பு இல்லாததுதான் குற்றம். அது இல்லை என்பதை அந்த ராத்திரியில் அறிந்தவர்கள் மூன்று பேர்.

அக்கா மகள் காட்டியது காண்டல் இல்லை, கருதல். அதில் குறையொன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து, யாரையும் கேட்காமல், எந்த வாசலிலும் அனுமதி வாங்காமல் ஊகித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் 2018 பிப்ரவரியில் ஒரு கிணறு வெடித்து 20 நாட்கள் வாயு கொட்டியபோது, மணிக்கு 120 டன் என்று கணக்குச் சொன்னது தரையில் இருந்தவர்கள் இல்லை. 2017 அக்டோபரில் போன ட்ரோபோமி என்ற ஐரோப்பியக் கருவி, நெதர்லாந்துக்காரர்கள் வடிவமைத்தது. நான் பயந்து பயந்து வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒன்று தினமும் தலைக்கு மேல் போகிறது என்று தெரிந்திருந்தால் நார்மல் என்று எழுதியிருப்பேனா? எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நினைப்பே என்னை வேறு விதமாகச் சுடுகிறது. பைலட் இல்லாததை நான் பார்த்தேன். பாய் பார்த்தார். எங்கள் இருவருக்கும் சாமி உண்டு, நம்பிக்கை உண்டு. அவ்வளவு கண்கள் போதாமல் இன்னொரு கண் வேண்டியிருந்ததா?

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம், மண்ணியாற்றங்கரை. திருப்புறம்பியத்துக்கு நடந்தே போகலாம். பிரளய வெள்ளம் ஊருக்குள் வராமல் புறம்பே நின்றதால் அந்தப் பெயர் என்பார்கள். வெள்ளத்தைத் தடுத்தவர் பிரளயம் காத்த விநாயகர். விநாயகர் சதுர்த்தி ராத்திரி முழுக்க அவருக்குத் தேன் அபிஷேகம் நடக்கும். அந்தக் கோயில் சிவனுக்குப் பெயர் சாட்சிநாதர்.

கதையை அப்பாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். திருவிளையாடற் புராணத்திலும் இருக்கிறது, கடைசிப் படலம். பூம்புகாரில் அப்பன் ஆத்தாள் இல்லாத ஒரு செட்டிப் பெண். அவளுக்கென்று பேசி வைத்திருந்த மதுரை மாப்பிள்ளை வந்து அவளை அழைத்துப் போகிறான். வழியில் திருப்புறம்பியத்தில் தங்கினபோது பாம்பு கடித்துச் செத்துப்போகிறான். அவள் அழுகிறாள். சம்பந்தர் வந்து அவனை எழுப்பி, அந்த இடத்திலேயே கல்யாணத்தையும் முடித்து வைக்கிறார். அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு வன்னி மரம், ஒரு கிணறு, ஒரு லிங்கம். மூன்றும்தான் சாட்சி. மதுரைக்குப் போய் வாழ்கிறாள். ஒரு நாள் அவனுடைய மூத்த தாரம் சண்டையில் கேட்டுவிடுகிறாள்: உன் கல்யாணத்துக்கு யாரடி சாட்சி? இவள் குளித்துவிட்டுக் கோயிலில் போய் நின்று அழ, வன்னியும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே வந்து சாட்சி சொல்லின. மதுரைக் கோயிலில் இன்றும் அவற்றுக்கு இடம் இருக்கிறது.

எனக்கு ஏழு வயது இருக்கும். கிணறு எப்படி அப்பாயி நடந்து வரும் என்று கேட்டேன். மரம் வருவதைக்கூட ஒப்புக்கொண்டேன். கிணறு என்பது மண்ணில் ஒரு பள்ளம், அதைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவது? அப்பாயி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: “பாத்துட்டுல்ல இருந்துச்சு? பாத்தது வராம எப்படிடா இருக்கும்?”

வேதாந்திகள் சொல்லும் சாட்சி வேறு. வித்யாரண்யரின் பஞ்சதசியில் நாடக தீபம் என்றோர் அத்தியாயம் உண்டு. நாட்டிய மேடையில் எரியும் விளக்கு ஆடுபவளுக்கும் பார்ப்பவருக்கும் தலைவனுக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் கொடுக்கும். எல்லாரும் எழுந்து போனபின்னும் எரிந்துகொண்டே இருக்கும். நமக்குள் இருக்கும் சாட்சி அப்படிப்பட்டது, எதையும் காட்டும், எதிலும் ஒட்டாது. பெரிய உண்மை அது, எனக்கு எட்டாத உயரம். ஆனால் செயற்கைக்கோளைப் பார்க்கும்போது எனக்கு அந்த விளக்குதான் நினைவுக்கு வருகிறது. அல்ஜீரியாவில் ஹஸ்ஸி மெசௌத் என்ற எண்ணெய் வயலில் ஒரு கசிவு 1999 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அடைத்தது 2024-ல். நடுவில் இருபத்தைந்து வருடம். அத்தனை வருடமும் அந்தப் பாலைவனத்துக்கு மேலே செயற்கைக்கோள்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தன, படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. வெகுகாலம் மீத்தேனைத் தேடி யாரும் அந்தப் படங்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதைப் பார்வை என்று சொல்வதா? மேடை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

அடைத்தது எப்படி என்பதும் முக்கியம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022 நவம்பரில், எகிப்தில் நடந்த பருவநிலை மாநாட்டில் மார்ஸ் என்ற எச்சரிக்கை ஏற்பாட்டை அறிவித்தது. செயற்கைக்கோளில் பெரிய கசிவு தெரிந்தால் அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் தகவல் போகும். அல்ஜீரியாவுக்கும் அப்படித்தான் போயிற்று, அவர்கள் சரிசெய்தார்கள். ஆனால் 2024-ல் அந்த ஐ.நா. அமைப்பே வெளியிட்ட கணக்கு: அனுப்பிய எச்சரிக்கைகள் 1,200, பதில் வந்தது நூற்றுக்கு ஒன்றுக்கு. அடுத்த வருடம் அது 12 ஆயிற்று. ஏறியிருக்கிறது, நல்லதுதான். மீதி 88 இடங்களிலும் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கன்ட்ரோல் ரூம் இருக்கும். ஒரு புத்தகம் அல்லது ஒரு திரை இருக்கும். அதில் ஒரு கட்டம் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு அங்கே ஒருவன் நின்றுகொண்டிருப்பான். கீழக்கரைக்காரனோ, கும்பகோணத்தானோ, துர்க்மெனியனோ. அவனுக்குக் கசிவு தெரியும். மேலே போகிற செயற்கைக்கோள் வருடத்தில் எத்தனை தடவை பார்த்தாலும் அவன் பார்ப்பதுபோலப் பார்க்காது. மேகம் வந்தால் அதற்குத் தெரியாது. ராத்திரியில், திருப்பி அனுப்பச் சூரிய வெளிச்சம் இல்லாதபோது, இந்தக் கருவிகளுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் எழுதினது ராத்திரி ஷிஃப்டில்.

கண்ணே அணைந்துபோவதும் உண்டு. மீத்தேன்சாட் என்று ஒன்று, சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நிதி திரட்டிச் செய்தது, 2024 மார்ச்சில் போயிற்று. 2025 ஜூன் 20 அன்று தொடர்பு அறுந்தது. அக்கா மகள் போனில் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவளுடைய சிநேகிதர்கள் பலர் அதில் வருடக்கணக்கில் உழைத்தவர்கள்.

இன்னொன்றையும் அவளிடம் கேட்டேன். எங்கள் வயல்? சம்பா நெல்லுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் சேற்றிலிருந்து மீத்தேன்தான் குமிழியிட்டு வருகிறது. வரப்பில் நின்று கம்பால் கிளறினால் கண்ணால் பார்க்கலாம். உங்கள் கருவி அதையும் பார்க்குமா? பார்க்கும் என்றாள், ஒரு வாலாகத் தெரியாது, பரந்த பிரதேசம் முழுக்க லேசாக ஏறியிருப்பதாகத் தெரியும். என் கம்பத்திலிருந்து போனதும் எங்கள் வயலிலிருந்து போனதும் அதற்கு ஒன்றா? ஒன்றுதான் மாமா, மூலக்கூறு ஒன்றுதானே என்றாள். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-லேயே டெல்லியிலிருந்து இதைக் கேட்டார்கள்: ஏழை நாட்டு விவசாயி சோற்றுக்காக விடும் வாயுவையும் பணக்காரன் சொகுசுக்காக விடும் வாயுவையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது என்ன நியாயம்? அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. கருவி எடையைச் சொல்லும். எதற்காக என்று சொல்லாது. அது சொல்லாமல் விடுவதைச் சொல்ல வேண்டியவர்கள் தரையில்தான் இருக்கிறார்கள். வயலில் நிற்பவன் சொல்லலாம், இது என் பிள்ளைகளின் சோறு என்று. கம்பத்தடியில் நின்றவனும் சொல்ல வேண்டும், இது ஒரு கார்டு வரத் தாமதமானதால் என்று. இரண்டும் உரை. சித்தியார் சொல்லும் மூன்றாவது அளவை.

இங்கே எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. உரை என்றால் குற்றமற்றவர் சொல் என்றுதான் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். மயக்கம் இல்லாதவர், பொய்யாதவர் சொன்னால்தான் அது அளவை. முடிவில் இறைவன் சொல்லுக்கே அது பொருந்தும். பதினோரு தடவை பொய் எழுதின கை இது. என் சொல் எந்த அளவையில் சேரும்? பல நாள் யோசித்தேன். ஐயாவிடம், வகுப்பு நடத்துபவரிடம், பெயர் ஊர் சொல்லாமல் கேட்டேன். அவர் சாத்திரத்தில் பதில் தேடினார். எனக்கு அப்பாயி சொன்னதுதான் பதிலாகத் தோன்றிற்று. அந்தக் கிணற்றிடம் நீ தூய்மையான கிணறா என்று மதுரையில் யாரும் கேட்கவில்லை. அது அங்கே இருந்தது, பார்த்தது, கேட்டபோது வந்தது. அடுத்தவனைப் பற்றிச் சொல்லத்தான் நான் குற்றமற்றவனாக இருக்க வேண்டும். என் குற்றத்தைச் சொல்ல அதைச் செய்தவனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அப்போது விட்டது இப்போது எங்கே இருக்கிறது என்றும் கணக்குப் பார்த்தேன். மீத்தேன் காற்றில் தங்குவது சராசரி 12 வருடம்போல. 2004-ல் போனதில் ஐந்தில் நாலு பங்கு இந்நேரம் மீத்தேனாக இல்லை. கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறிவிட்டது. வினை தீர்ந்தது என்று நினைக்க மனசு துடித்தது. ஆனால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு இன்னும் சில நூறு வருடம் இருக்கும். உரு மாறியிருக்கிறது, போய்விடவில்லை. என் பேரன் சுவாசிக்கும் காற்றில் அது கலந்திருக்கிறது. அவன் பேரன் காலத்திலும் இருக்கும்.

அவள் நெதர்லாந்துக்குத் திரும்புவதற்கு முதல் நாள் ராத்திரி, மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மோகப்பிள் காட்டிய எண், நெளிந்த நட்சத்திரங்கள், பாய் சொன்னது. முழுக்கக் கேட்டுவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் பேசினாள்.

“அந்தக் காலத்துல லேண்ட்சாட் 7 இருந்துச்சு மாமா. பெரிய கசிவா இருந்தா பாலைவனத்துல சில சமயம் தெரியும். ஆனா அது 16 நாளைக்கு ஒரு தடவைதான் ஒரே இடத்துக்கு மேல வரும். உங்க பதினோரு நாளும் அந்த இடைவெளிக்குள்ளயே விழுந்திருக்கலாம்.”

“விழாம இருந்திருந்தா?”

“2003 மே மாசத்துல அதுல ஒரு கருவி கெட்டுப்போச்சு. அதுக்கப்புறம் எடுத்த ஒவ்வொரு படத்துலயும் கோடு கோடா கறுப்பு. கிட்டத்தட்ட கால்வாசி படம் இருக்காது. உங்க ஃப்ளேர் அந்தக் கறுப்புக்குள்ள போயிருக்கலாம். மணிக்கு 2 டன்ங்கிறதே அந்தப் பழைய கருவிக்கு ரொம்பக் கொஞ்சம்.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “இடத்தைச் சொல்லுங்க, தேடிப் பார்க்கறேன்.”

தேட வேண்டாம் என்றேன். இல்லை என்று வந்தால் எனக்குள் ஏதோ ஒன்று தப்பித்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். மேலே படம் இல்லை, ஆகவே நடக்கவில்லை என்று அது சொல்லும். இருபது வருடம் நான் அப்படித்தான் வாழ்ந்தேன், லாக் புக்கில் நார்மல் என்றிருக்கிறது, ஆகவே நார்மல்.

“நான் சொல்றேன், நீ எழுதிக்கோ” என்றேன்.

“இதை வெச்சு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது மாமா. கணக்குல சேராது.”

“தெரியும்மா. எழுது.”

போனை எடுத்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவர்களுடைய பதிவுகளில் எப்படி எழுதுவார்களோ அந்த வரிசையில் கேட்கத் தொடங்கினாள். தேதி? 2004 ஜனவரி, இரண்டாவது வாரம் தொடங்கி பதினோரு நாள். எவ்வளவு? மணிக்கு ஏறத்தாழ 2 டன். என்ன காரணம்? பற்றவைக்கும் பேனலில் கார்டு பழுது. எப்படித் தெரியும்? நான் அங்கே நின்றேன்.

அடுத்த கட்டத்துக்கு வந்து நிமிர்ந்தாள். “கம்பெனி பேரா போடணும் மாமா இதுல?”

“அதுக்கு முன்னாடி என் பேரைப் போடு.”